கரகரத்த பாட்டு ஏன் பிடிக்கிறது?

மேசை மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் எதிரே நின்று ‘ஆ…’ என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். ஒரு முழம் தள்ளி நின்றாலே போதும்; கையையோ தலைமுடியையோ கிட்டே கொண்டுபோக வேண்டாம். உங்கள் குரல் ரோபோவின் குரலைப் போல நடுங்கிக் கரகரக்கும். விசிறியின் மூன்று இறக்கைகளும் குரலைத் துண்டு துண்டாக நறுக்குவதால் வரும் ஒலி அது. சாதாரண மேசை மின்விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 முறை சுற்றும். நொடிக்கு 21 அல்லது 22 சுற்று. மூன்று இறக்கைகள் என்றால் ஒரு நொடிக்குள் உங்கள் குரல் 65 தடவை வெட்டுப்படுகிறது. இவ்வளவு வேகமான ஏற்ற இறக்கத்தைக் காதால் எண்ண முடியாது. மூளை அதைக் கரகரப்பாகத்தான் உணரும்.

அந்த 65-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் பயத்தில் வீறிடும் அலறலை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெப்பலும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். நாம் பேசும்போது ஒலியின் வலிமை நொடிக்கு நாலைந்து தடவைதான் ஏறி இறங்குகிறது. அலறலில் அது நொடிக்கு 30 முதல் 150 தடவை ஏறி இறங்குகிறது. மின்விசிறிக் குரலின் 65 இதற்குள் அடங்கிவிடுகிறது, பார்த்தீர்களா? வீடுகளிலும் கார்களிலும் பொருத்தும் எச்சரிக்கை மணிகளின் ஒலியும் இதே எல்லைக்குள்தான் விழுகிறது. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி இந்த ஒலிகளைக் கேட்டவர்களின் மூளையில், கரகரப்பு கூடக் கூட அமிக்டலா என்ற பகுதி கூடுதலாக வேலை செய்தது. வாதாம்பருப்பு வடிவில் இருக்கும் சின்ன உறுப்பு அது. ஆபத்தின் வாடை அடித்தால் உடம்பை உஷார்ப்படுத்தும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது ஹெவி மெட்டல் இசைக்கு வருவோம். கிதார் உறுமும், பாடுபவர் சில சமயம் கர்ஜிப்பார், டிரம்ஸ் இடிபோல விழும். பாட்டின் பொருளும் போர், சாவு, தனிமை, துயரம் என்று இருண்டே இருக்கும். உடம்பின் ஆபத்து மணியை அடிக்கும் ஒலிகளையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி வைத்ததுபோன்ற இசை இது. ஆனாலும் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் காசு கொடுத்து, வரிசையில் நின்று, இதை விரும்பிக் கேட்கிறார்கள். ஏன்?

இதே கேள்விதான் இந்த இசை பிறக்கவே காரணமாக இருந்தது. அந்தக் கதை நடந்தது இங்கிலாந்தில், பர்மிங்காம் என்னும் தொழில் நகரத்தில்.

அந்த நகரத்தின் ஆஸ்டன் பகுதியில் டோனி ஐயோமி என்ற இளைஞர் இருந்தார். தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. கிதார் வாசிப்பதில் உயிர். ஓர் இசைக்குழுவோடு வெளிநாடு போக வாய்ப்பு வந்ததும் வேலையை விட்டுவிட்டார். 1965-ஆம் ஆண்டு, வயது 17. கடைசி நாள் மதியம், ‘இனி எதற்குப் போக வேண்டும்?’ என்று வீட்டிலேயே இருந்துவிடப் பார்த்தார். ஆரம்பித்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். அன்றைக்குப் பார்த்து, வராத இன்னொருவருக்குப் பதிலாக, அவருக்குப் பழக்கமில்லாத அழுத்து எந்திரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. எந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துவிட்டது. ஐயோமி இடக்கைக்காரர். அதனால் கிதார்க் கம்பிகளை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான்.

இனி வாசிக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அப்போது தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டோடு பார்க்க வந்தார். அதில் வாசித்திருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் ஒரு தீ விபத்தில் கை கருகி, இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகும், மீதி விரல்களால் வாசித்துப் பெரும் புகழ் பெற்ற கிதார்க் கலைஞர். அதைக் கேட்டதும் ஐயோமிக்கு நம்பிக்கை வந்தது. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு ஏற்றபடி குப்பிகளாகச் செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அவற்றின்மேல் ஒட்டினார். அந்தக் குப்பிகளை மாட்டிக்கொண்டு தடித்த கம்பிகளை அழுத்தினால் வலித்தது. எனவே மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிறகு, கம்பிகளைத் தளர்த்திக் கட்டவும் தொடங்கினார்.

கம்பியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பது ஒலிப் பாடம் படித்த உங்களுக்குத் தெரியும். இழுவிசை குறைந்தால் அதிர்வெண் குறையும், சுருதி இறங்கும். கிதாரின் மிகத் தடித்த கம்பி வழக்கமாக நொடிக்கு 82 தடவை அதிரும். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ என்ற தொகுப்பின் சில பாட்டுகளில் ஐயோமி அதை 69 வரை இறக்கியிருந்தார். தாழ்ந்த ஒலியைக் கேட்டால் நமக்குப் பெரிய உருவம்தான் நினைவுக்கு வரும். எலியின் கீச்சு மெல்லியது. யானையின் உறுமல் அடி வயிற்றைத் தொடும். பெரிய உடம்பும் பெரிய தொண்டையும்தான் தாழ்ந்த ஒலியை எழுப்பும் என்பதைக் காட்டில் வாழ்ந்த நம் முன்னோர்களின் காது கற்றுவைத்திருந்தது. விரல் வலிக்காமலிருக்கச் செய்த ஓர் ஏற்பாடு, இசைக்கு மலைபோன்ற கனத்தைக் கொடுத்துவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேலாளரை எண்ணி மனம் நெகிழும். அவர் அந்த இசைத்தட்டைக் கொண்டுவராமல் இருந்திருந்தால்?

ஐயோமியும் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நண்பர்கள் மூவரும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். ஓசி ஆஸ்போர்ன் பாடினார், கீசர் பட்லர் பேஸ் கிதார், பில் வார்டு டிரம்ஸ். அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்தருகே ஒரு திரையரங்கு இருந்தது. பேய்ப் படம் பார்க்க அங்கே கூட்டம் வரிசை கட்டி நிற்பதைக் கண்டார்கள். பயப்படுவதற்கு மக்கள் காசு கொடுக்கிறார்களே, அப்படியென்றால் பயமுறுத்தும் இசையைச் செய்தால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. ஒரு பேய்ப் படத்தின் பெயரான ‘பிளாக் சப்பாத்’ என்பதையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். முதல் தொகுப்பை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்துமுடித்தார்கள். அது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. ஹெவி மெட்டல் அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று இசை வரலாறு எழுதுபவர்கள் பலர் சொல்கிறார்கள்.

அந்தத் தொகுப்பின் முதல் பாட்டில் ஐயோமி மூன்றே சுரங்களை மெதுவாக வாசிக்கிறார். கடைசிச் சுரம் அடிச் சுரத்திலிருந்து சரியாக அரை ஸ்தாயி தள்ளி நிற்கிறது. கீபோர்டு இருந்தால் நீங்களே வாசித்துப் பார்க்கலாம். ஸ-வையும் ப-வையும் சேர்த்து அழுத்துங்கள். ஒன்று இரண்டு தடவை அதிரும் நேரத்தில் மற்றது மூன்று தடவை அதிர்கிறது. அலைகள் அடிக்கடி கைகோத்துக்கொள்கின்றன. ஒலி நிம்மதியாக இருக்கிறது. இப்போது ப-வுக்குப் பதில் அதற்கு முந்தைய கறுப்புக் கட்டையை அழுத்துங்கள். விகிதம் ஏறத்தாழ 1.414. ஆம், இரண்டின் வர்க்கமூலம்! அலைகள் எளிதில் கைகோப்பதில்லை. ஏதோ முடியாமல் தொங்குவதுபோல் இருக்கும். பழைய ஐரோப்பிய இசை அறிஞர்கள் சிலர் இந்த இடைவெளியை ‘இசையில் சாத்தான்’ என்று அழைத்தார்கள். திருச்சபை அதைத் தடைசெய்திருந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

கர்நாடக இசை கற்கும் பிள்ளைகள் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீர்கள். ‘அது பிரதி மத்யமம்தானே? கல்யாணி ராகத்தில் வருமே!’ மிகச் சரி. தம்புராவின் ஸ-வோடு சேர்ந்து அதே இடைவெளிதான் கல்யாணியில் ஒலிக்கிறது. கல்யாண வீட்டில் நாகசுரக்காரர் அதை வாசித்தால் யாருக்கும் சாத்தான் நினைவு வருவதில்லை, மங்களமாகத்தான் இருக்கிறது. ஆகவே ஒரு சுரத்துக்குள்ளேயே பயம் ஒளிந்திருக்கவில்லை. கூட வரும் சுரங்கள், வேகம், நாம் கேட்டு வளர்ந்த பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் அது பயமா, பக்தியா என்று முடிவாகிறது. இதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கிதாரின் உறுமல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்கிதாரின் கம்பி அதிர்ந்தால் அது மின் அலையாகி ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். அந்தக் கருவி தாங்கும் அளவுக்கு மேல் அலையைப் பெரிதாக்கினால் அலையின் வளைந்த உச்சி தட்டையாக வெட்டுப்படும். உச்சி வெட்டுப்பட்டதும் முன்பு இல்லாத புதிய அதிர்வுகள் வந்து சேரும். ஒலி கிழிந்ததுபோல் ஆகும். முதலில் இதைக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். பிறகு அந்தக் கோளாறையே தேடிப்போய் வாங்கத் தொடங்கினார்கள்.

விலங்குகளின் தொண்டையிலும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் மார்மோட் என்ற பெரிய தரை அணில்கள் உண்டு. அவற்றை ஆராயும் டேனியல் புளூம்ஸ்டைன் ஒரு குட்டியைப் பிடித்தபோது அது வீறிட்டது. அந்த ஒலி அவர் மனத்தை உலுக்கிவிட்டது. தாங்கும் அளவைத் தாண்டிக் காற்றைத் தள்ளினால் குரல்நாண்கள் ஒழுங்கு தவறி அதிரும்; குரல் உடைந்து இரைச்சலாகும். அந்த இரைச்சல்தான் கேட்பவரைத் தூக்கிவாரிப் போடுகிறது. பேய்ப் படங்களின் பின்னணி ஒலியிலும் இத்தகைய இரைச்சல் கூடுதலாக இருப்பதைப் பின்னர் அவர் கண்டார். பிறகு தன் நண்பர்களுடன் சேர்ந்து ஓர் அழகான சோதனை செய்தார். அமைதியாகத் தொடங்கி, நடுவே திடீரென்று கரகரக்கும் சிறு இசைத் துண்டுகளைச் செய்து போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் பரபரப்படைந்தார்கள். அதே இசையை, ஒருவர் காப்பி குடிப்பது போன்ற சாதாரணக் காட்சியோடு சேர்த்துக் காட்டியபோது, அந்தப் பரபரப்பு மங்கிவிட்டது!

நமக்கு வேண்டிய சாவி இங்கே இருக்கிறது. காது ‘ஆபத்து’ என்கிறது. கண்ணும் அறிவும் சுற்றிலும் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்கின்றன. மணி அடித்தாகிவிட்டது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடம்பில் தெம்பு ஏறியிருக்கிறது. ஓடவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். அந்தத் தெம்பு அப்படியே கையில் நிற்கிறது. அதுதான் கிளர்ச்சியாக, குதூகலமாக மாறுகிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பால் ரோசின் இதற்கு மிளகாயை உதாரணம் காட்டுவார். மிளகாயின் காரம் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டி, வாய் எரிகிறது என்று மூளைக்குப் பொய்ச்செய்தி அனுப்புகிறது. கண்ணில் நீர் வருகிறது. உண்மையில் எதுவும் எரியவில்லை என்று தெரிந்திருப்பதால் நாம் ‘இன்னும் கொஞ்சம்’ என்கிறோம். அழவைக்கும் படங்களையும் சோகப் பாட்டுகளையும் ரசிப்பதை ரோசின் இதே வகையில்தான் சேர்க்கிறார்.

மூளைக்குப் பரிசு கொடுக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவின் மொன்ட்ரியால் நகரத்து ஆய்வாளர்கள் 2011-இல் கண்டது இது: பிடித்த இசையைக் கேட்டு மயிர்க்கூச்செறியும் நொடியில் மட்டுமல்ல, அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் டோபமைன் சுரக்கிறது. எந்த வகை இசைக்கும் இது பொருந்தும். மெட்டல் பாட்டுகளில் அந்தக் காத்திருப்பை நீட்டி நீட்டிக் கட்டுவார்கள். அதனால்தான் ரசிகர்கள் தாள மாற்றம் வரும் முன்பே நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.

‘இப்படிப்பட்ட பாட்டைக் கேட்டால் முரடாகிவிட மாட்டார்களா?’ என்று பெரியவர்கள் கவலைப்படுவது நியாயம்தான். சோதித்துப் பார்க்க வேண்டியதுதானே? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லியா ஷார்மன், ஜெனவீவ் டிங்கிள் இருவரும் சோதித்தார்கள். மெட்டல் போன்ற கடுமையான இசையை விரும்பும், 18 முதல் 34 வயது வரையுள்ள 39 ரசிகர்கள் வந்தார்கள். கோபம் வந்த சம்பவங்களைப் பற்றி 16 நிமிடம் பேசவைத்து, அவர்களை நன்றாகக் கோபப்படுத்தினார்கள். அதன் பிறகு பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளை 10 நிமிடம் கேட்டார்கள். மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக் கேட்டவர்களின் கோபம் ஏறவில்லை. சும்மா இருந்தவர்களுக்குப் போலவே தணிந்தது. போதாக்குறைக்கு, ஊக்கம் வந்ததாகவும் சொன்னார்கள். சும்மா இருந்தவர்களின் இதயத்துடிப்பு இறங்கிவிட்டது. பாட்டுக் கேட்டவர்களின் துடிப்போ வேகம் குறையாமலேயே இருந்தது. உடம்பு துள்ளலில் இருக்கும்போதே மனம் ஆறிவிட்டது!

எனக்கு மிகவும் பிடித்த சோதனை சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2019-இல் வெளியானது. ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு வேறு படம் காட்டினால் மூளை இரண்டையும் கலப்பதில்லை. கொஞ்ச நேரம் இதைப் பார்க்கும், கொஞ்ச நேரம் அதைப் பார்க்கும். ஒன்று சாதாரணப் படம், மற்றது யாரோ தாக்கப்படும் படம் என்றால், தாக்கப்படும் படமே கூடுதல் நேரம் தெரியும். ஏனென்றால் ஆபத்தைக் கவனிப்பது மூளைக்கு முக்கியம். வன்முறைக்குப் பழகி மரத்துப்போன மூளை என்றால் இந்த வேறுபாடு குறைய வேண்டும். மெட்டலிலேயே மிகக் கடுமையான ‘டெத் மெட்டல்’ வகையின் ரசிகர்கள் 32 பேர், ரசிகர் அல்லாதவர்கள் 48 பேர். ஃபாரல் வில்லியம்ஸ் பாடிய ‘ஹாப்பி’ என்ற குதூகலப் பாட்டு ஒருமுறை, டெத் மெட்டல் பாட்டு ஒருமுறை ஒலித்தது. என்ன கண்டார்கள் தெரியுமா? பிறர் துன்பப்படும் படத்தை ரசிகர்களின் மூளையும் மற்றவர்களின் மூளையைப் போலவே கூடுதலாகக் கவனித்தது. அவர்கள் மனம் மரத்துப்போகவில்லை. இந்தப் பாட்டு என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்டால், ரசிகர்கள் பலம், மகிழ்ச்சி, அமைதி என்கிறார்கள். ரசிகர் அல்லாதவர்களோ பதற்றம், பயம், கோபம் என்கிறார்கள். பாட்டு ஒன்றுதான்! கல்யாணியின் பிரதி மத்யமத்தை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரிக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதிக் குதிப்பார்கள். அப்படி ஒரு கச்சேரியில் ஒதுங்கி நின்று பார்த்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவருக்கு இயற்பியல் நினைவு வந்தது. வீடியோக்களை வைத்து அவரும் நண்பர்களும் அளந்தார்கள். மோதிக் குதிப்பவர்களின் வேகங்கள், வாயு மூலக்கூறுகளின் வேகங்களைக் கணிக்கும் அதே சூத்திரத்துக்குப் பொருந்தின. மூலக்கூறுகளுக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: ஒருவர் கீழே விழுந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்துவார்கள், அது அங்கே எழுதாத சட்டம். ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்புபோல் நீட்டுவார்களே, அந்த முத்திரையைப் பரப்பியவர், பிளாக் சப்பாத்தில் பின்னர் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோ. கண் படாமலிருக்க அவருடைய இத்தாலியப் பாட்டி காட்டும் முத்திரையாம் அது!

இதுவரை பயத்தையும் கோபத்தையும்தான் பேசினோம். துயரம்? மெட்டலில் ‘டூம்’ என்றொரு வகை இருக்கிறது. மிக மெதுவாக, மிகத் தாழ்ந்து, இழவு வீட்டின் கனத்தோடு நகரும். சோகமான இசை ஏன் சுகமாக இருக்கிறது என்று லிலா தருஃபியும் ஸ்டெஃபான் கோல்ஷும் உலகின் பல பகுதிகளிலிருந்து 772 பேரிடம் கேட்டார்கள். சோகப் பாட்டு எழுப்பும் உணர்வுகளில் அதிகம் பேர் சொன்னது சோகத்தை அல்ல. பழைய நினைவுகளின் ஏக்கத்தை. பிறர் துயரத்தை எளிதில் உணர்பவர்கள் சோக இசையைக் கூடுதலாக ரசிக்கிறார்கள் என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. யாரோ முகம் தெரியாத ஒருவர் தன் துக்கத்தைத் திறந்து பாடும்போது, ‘நமக்கு மட்டும் இல்லை’ என்று தோன்றுகிறது. அந்த நெகிழ்ச்சிதான் இன்பத்தின் வழி.

எல்லாருக்கும் எப்போதும் அப்படி அமைவதில்லை. ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப நினைத்து மருகும் வழக்கமுள்ளவர்களுக்குச் சோகப் பாட்டு துயரத்தைக் கூட்டிவிடவும் கூடும். பாட்டு முடிந்த பிறகும் மனம் பல நாள் கனத்தே இருந்தால், அம்மா, அப்பா, ஆசிரியர் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கப் பாட்டால் முடியாது.

உலகில் மெட்டல் குழுக்கள் மிக நெருக்கமாக இருக்கும் நாடு ஃபின்லாந்து. ஒரு லட்சம் மக்களுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள். உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் பல ஆண்டுகளாக முதலிடம் பிடிப்பதும் அதே ஃபின்லாந்துதான். இரண்டும் ஒரே நாட்டில் இருப்பதால் ஒன்று மற்றதைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. அறிவியல் படிப்பவர்கள் அப்படி அவசரப்படக் கூடாது. இருண்ட பாட்டுக் கேட்டால் நாடே இருண்டுவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை என்று மட்டும் தெரிகிறது.

அங்கே 2009-இல் ‘ஹெவிசாரஸ்’ என்ற குழு தொடங்கியது. டைனோசர், டிராகன் வேடம் போட்டுக்கொண்டு, உங்களைவிடச் சிறிய பிள்ளைகளுக்காக மெட்டல் வாசிக்கும் குழு. கிதாரின் கரகரப்பு குறையவில்லை, டிரம்ஸின் இடியும் குறையவில்லை. பாட்டுகளில் சாவுக்கும் போருக்கும் பதில் குழந்தைகளின் உலகம். இத்தகைய கச்சேரிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெற்றோர்கள் பெரிய காதுமூடிகளை மாட்டிவிடுகிறார்கள். 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரைதான் காது தாங்கும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். உட்செவியின் முடியணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. காதை மூடியபின்னும் இசையில் ஒரு பங்கு குறையாமல் வந்து சேரும். பேஸ் கிதாரின் தாழ்ந்த அதிர்வு தரை வழியாகக் காலிலும், காற்று வழியாக நெஞ்சிலும் தட்டும். பிள்ளைகள் அதற்குத்தான் குதிக்கிறார்கள்.